மஞ்சளிக்கு யார் தண்ணீர் விட்டது?

பலெர்மோவில் போஞ்சிக்காயால் பகை தேடிக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் போஞ்சியர்தான். காணியால் பகைத்தவர்களை அறிவேன். கல்யாணப் பேச்சால் பகைத்தவர்களை அறிவேன். கோயில் நிர்வாகத்தில் முட்டிக்கொண்டு, இன்றைக்கும் ஒரே பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களையும் அறிவேன். ஆனால் அவித்த போஞ்சியை வாயில் வைத்துவிட்டு 'நல்லாயிருக்கு' என்று மட்டும் சொன்ன குற்றத்துக்காக, என் கணவரோடு ஒரு குளிர்காலம் முழுக்கக் கதைக்காமல் இருந்தவர் இந்த உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல்: நீங்கள் பீன்ஸ் என்பதைத்தான் நாங்கள் போஞ்சி என்போம். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பூசைக்குப் போகும் இடத்தில்கூட அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மரியாதைக்கு 'அர்' சேர்த்துப் போஞ்சியர். நாங்கள் இருந்த கட்டடத்து இத்தாலியர்களுக்கும் அவர் 'ஃபஜோலீனோ'. அதற்கும் போஞ்சிக்காய் என்றுதான் அர்த்தம். இரண்டு இனமும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே பெயரை வைத்தன என்றால் ஆளைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடம். மூன்றாம் மாடியில் நானும் கணவரும் மகளும். உச்சியில், மொட்டைமாடியோடு ஒட்டிய இரண்டு சிறிய அறைகளில் போஞ்சியர் தனியாக இருந்தார். மனைவியும் மகளும் மன்னாரில். பின்னேரங்களில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. ஒருமுறை யாரோ ஒரு ஜெர்மன்காரி தட்டில் போஞ்சியை மிச்சம் விட்டதைக் கண்டுவிட்டு, ஏப்ரனோடு வெளியே வந்து அவள் மேசைக்கு முன்னால் நின்று, "ஏன்?" என்று கேட்டாராம். அந்த மனுசி பயந்துபோய் மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டாள். அன்றிலிருந்து குசினிக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவில் இருந்த கதவுக்கு ஒரு கொக்கி போட்டார்கள்.

மொட்டைமாடிதான் அவருடைய ராச்சியம். பெயின்ற் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ஆற்றங்கரை நாணல் தடிகளை நட்டு, மேலே கயிற்றால் இணைத்து, தண்ணீர்த் தாங்கி வரைக்கும் ஒரு பந்தல். அதில் ஐந்து இத்தாலியக் கொடிப் போஞ்சி. ஒவ்வொன்றுக்கும் நீண்ட இத்தாலியப் பெயர் உண்டு. அவர் எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றிவிட்டார். 'சூப்பர்மார்க்கோனி' தட்டையன்: அகலமான பச்சைக்காய், சதை கூட, நார் குறைவு, அள்ளிக் கொடுக்கும். 'வெனிசின் அதிசயம்' மஞ்சளி: வெண்ணெய் நிறம், வாயில் கரையும், ஆனால் வெயில் கூடினால் முதலில் சோர்ந்து விழுகிறவள் அவள்தான். ஊதா நிறத்தில் காய்த்து, கொதிநீரில் போட்டதும் பச்சையாக மாறிவிடும் கொடிக்கு 'வேஷக்காரி' என்று பெயர். கொழுக்கி மாதிரி வளைந்து வளைந்து காய்ப்பவன் வளையன். பார்க்க அழகில்லை, ருசியில் ராசா. கடைசியாக நெருப்புநாக்கு: தோலில் சிவப்புக் கோடு கீறியது, காயாகச் சாப்பிடுவதைவிட விதையை உரித்துச் சமைக்க ஏற்றது.

இந்த ஐந்தில் பலெர்மோ வெயிலுக்கு எது சிறந்தது? இதுதான் அவருடைய வாழ்க்கையின் கேள்வி. விடை காணும் பொறுப்பைக் கட்டடம் முழுவதற்கும் பகிர்ந்து கொடுத்திருந்தார். படியில் யாரையும் சும்மா ஏறவிட மாட்டார். உப்புப் போடாமல் அவித்த ஐந்து குவியல்களோடு ஒரு தட்டு நீட்டப்படும்.

"சாப்பிட்டுச் சொல்லும் தங்கச்சி."

"நல்லாயிருக்கு அண்ணை."

"நல்லாயிருக்கு எண்டால் காணாது. எது முன்னுக்கு, எது பின்னுக்கு?"

"வளையன் முன்னுக்கு."

"ஏன்?"

"அண்ணை, எனக்கு வேலைக்குப் பிந்துது."

"அவசரத்திலை சாப்பிட்டால் நாக்கு பொய் சொல்லும். தண்ணி குடிச்சிட்டுத் திரும்பவும் சாப்பிடும்."

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் என் கணவர், "எல்லாம் ஒரே ருசிதானே" என்று இரண்டாவது தவறையும் செய்தார். மகளுக்கு அப்போது பத்து வயது. மேலே காலடிச் சத்தம் கேட்டாலே, "அம்மா, திரும்பவும் ஃபஜோலீனியா?" என்று கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

மனிதர்களையும் அவர் அந்த ஐந்துக்குள் அடக்கிவிடுவார். என் கணவர் தட்டையன். பூசையில் பாட்டுப் படிக்கும் ஒரு மனுசி வேஷக்காரி. இந்த விவரம் அந்த மனுசியின் காதுக்குப் போய்ப் பெரிய பிரச்சினையானது. என்னை என்னவாக வைத்திருந்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

அவருடைய இத்தாலியன் தனி ரகம். எந்த வகுப்புக்கும் போகாமல், விதைப் பைக்கற்றுகளின் பின்பக்கத்தை வாசித்தே மொழியைப் படித்தவர். ஆகவே அவர் வாய் திறந்தால் தோட்டம்தான் பேசும். உடம்பு எப்படி என்று டாக்டர் கேட்டால், "நோய்களை நன்றாகத் தாங்கும் வகை" என்பார். ஒருமுறை பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில் இத்தாலிக்கு எப்போது வந்தீர்கள் என்று கேட்க, "விதைப்பு மார்ச் முதல் ஜூன் வரை" என்று பதில் சொன்னாராம். அந்த அதிகாரி சிரிக்காமல் 'மார்ச்' என்று எழுதிக்கொண்டாராம்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த கட்டடம் ஒரு கோடையில் கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்றது.

அந்த வருடம் மழை பெய்யவில்லை. மலைப்பக்கத்து நீர்த்தேக்கங்கள் வெடித்துக் காய்ந்தன. பலெர்மோவில் முறைவைத்துத் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். தண்ணீர் வரும் நாளில் மொட்டைமாடித் தாங்கி நிரம்பும். மற்ற நாட்களை எல்லா வீடும் அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஆபிரிக்கக் காற்று வேறு அடித்தது. கம்பிக் கைப்பிடியைத் தொட்டால் கை பொசுங்கும். அந்தச் சூட்டில், அடுத்த முறை வருவதற்கு முன்பே எங்கள் தாங்கி வற்றத் தொடங்கியது. பக்கத்துக் கட்டடங்களில் அப்படி இல்லை. எங்களுடையது மட்டும்தான். பைப்பைத் திறந்தால் ஒரு இருமல் சத்தம், அவ்வளவுதான்.

நான்காம் மாடியில் சினியோரா பீனா இருந்தா. அகலமான மனுசி, சந்தையில் குரல் கொடுத்தால் மீன்காரன் விலையைக் குறைப்பான். கணவர் நீனோ பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம். அவரைத் துடைத்து, திருப்பிப் படுக்க வைத்து, துணி மாற்றி, எல்லாம் அவ ஒருத்திதான். அந்த வெயிலில் தண்ணீரில்லாமல் அவருடைய முதுகில் புண் வந்துவிட்டது. சினியோரா கடையில் போத்தல் தண்ணீர் வாங்கிச் சுமந்து ஏறினா. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குவா. மூச்சு வாங்கும்போது மேலே பார்ப்பா. மேலே பச்சைப்பசேல் என்று பந்தல் தெரியும்.

கட்டடம் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. ஊரெல்லாம் கருகிக் கிடக்கிறது, இவனுடைய கொடி மட்டும் எப்படிச் செழிக்கிறது?

உண்மை வேறு. போஞ்சியர் தாங்கியில் தன் பங்குக்கு மேல் ஒரு செம்பு எடுக்கவில்லை. அரிசி கழுவிய தண்ணீர், மரக்கறி கழுவிய தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து, ஐந்து கொடிக்கும் ஒரே பேணியால் அளந்து ஊற்றினார். போதாததற்குக் குளிப்பதையும் நிறுத்திவிட்டார். எனக்கு இது மூக்கால் தெரியும். பஸ்ஸில் அவர் ஏறினால் பின்பக்கம் காலியாகும். உணவகத்திலும் அவரை முற்றத்தில் வைத்துத்தான் கழுவவிட்டார்கள்.

ஆனால் அவருக்கும் ஒரு கோபம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் என் கதவைத் தட்டினார். முகம் கறுத்திருந்தது.

"தங்கச்சி, மேலை வந்து ஒருக்காப் பாரும்."

போனேன். தாங்கிக்குப் பக்கத்து மூலையில் இருந்த மஞ்சளி, எல்லாரையும் தாண்டி, பந்தலின் உச்சியைப் பிடித்து, காய் காயாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். மற்ற நான்கும் பாதிப் பூவை உதிர்த்துவிட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய்த்து நின்றன.

"நல்லாத்தானே காய்ச்சிருக்கு அண்ணை?"

"அதுதான் பிரச்சினை! வெயிலுக்கு முதல் விழுறவள் உவள். நான் அஞ்சுக்கும் ஒரே அளவுதான் ஊத்துறன். ஆரோ எனக்குத் தெரியாமல் உவளுக்கு மட்டும் தண்ணி விடுகினம்."

"இந்தத் தண்ணிப் பஞ்சத்திலை ஆர் அண்ணை கொண்டுவந்து உங்கடை போஞ்சிக்கு ஊத்தப்போகினம்?"

"என்ரை ஒப்பீட்டைக் கெடுக்கிறதுக்குத்தான். எனக்கு ஆளையும் தெரியும். சினியோரா பீனா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. போன வருடம் ருசி பார்த்தபோது சினியோரா மஞ்சளிதான் முதலிடம் என்று சாதித்தாவாம், இவர் மறுத்தாராம். அந்தத் தோல்விக்குப் பழிவாங்க இப்போது களவாகத் தண்ணீர் ஊற்றி மஞ்சளியை வெல்ல வைக்கிறாவாம். ஆக, சினியோரா இவரைத் தண்ணீர்க் கள்ளன் என்றா. இவர் சினியோராவைத் தண்ணீர் ஊற்றும் கள்ளி என்றார். நடுவில் இரண்டு பாஷையும் தெரிந்த பாவி நான் ஒருத்தி.

அந்த வாரம் கட்டட நிர்வாகி எல்லாரையும் கீழ் முற்றத்தில் கூட்டினார். மெலிந்த மனிதர், எப்போதும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கதைப்பவர். யாரும் உட்காரவில்லை. சினியோரா முன்னுக்கு வந்து விரலை நீட்டினா.

"இவன் கள்ளன்! இவன்ரை கொடி தண்ணி குடிக்குது, என்ரை மனுசன் புண்ணோடை கிடக்கிறார்!"

"அவ என்ன சொல்லுறா?" என்று போஞ்சியர் என்னைக் கேட்டார்.

"தண்ணி காணாதெண்டு கவலைப்படுறா அண்ணை."

"எனக்குக் 'கள்ளன்' எண்டது விளங்கும் தங்கச்சி."

பிறகு அவர் என்னை நம்பாமல் தானே இத்தாலியனில் இறங்கினார். தான் வாரக்கணக்கில் குளிக்காமல் தண்ணீர் மிச்சம் பிடிக்கிறவன் என்று சொல்ல வேண்டும். குளிப்பு என்ற சொல் விதைப் பைக்கற்றில் எங்கே இருக்கிறது? ஒரு கையை உயர்த்தி, கக்கத்தைக் காட்டி, முழு முற்றமும் கேட்க, "நான் நறுமணம் மிக்க மலர்! கிட்ட வாங்கோ!" என்றார்.

இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் உண்மையாகவே கிட்டப் போய்விட்டு உடனே திரும்பிவந்தார். யாரோ சிரித்தார்கள். சினியோரா சிரிக்கவில்லை. அவவுடைய கண் நிரம்பியிருந்தது. அதைக் கண்டதும் சிரித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். நிர்வாகி முகத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்: சனிக்கிழமைக்குள் மொட்டைமாடி வெறுமையாக வேண்டும். இல்லாவிட்டால் போஞ்சியரின் அறைகளுக்குச் சொந்தக்காரரிடம் சொல்லி அவற்றையும் காலி செய்விப்பார்.

அதையும் அவருக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். மனைவியும் மகளும் வருவதற்கான அலுவல்கள் எல்லாம் முடிந்து விசா மட்டும்தான் மிச்சம். எல்லாம் அந்த முகவரியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வீடு போனால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

"அண்ணை, பிடுங்கி எறிஞ்சுபோட்டுப் பிள்ளையைக் கூப்பிடுற வழியைப் பாருங்கோ" என்றேன்.

"பிடுங்கினால் நான்தான் கள்ளன் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி" என்றார். "ஆர் ஊத்துறதெண்டு பிடிச்சுக் காட்டுறன். அதுக்குப் பிறகு நானே பிடுங்குறன்."

அன்றிலிருந்து வேலைக்குப் போகும் நேரம்வரை தாங்கிக்குப் பின்னால் ஒரு கிழிந்த கடற்கரைக் குடைக்குக் கீழே குந்தியிருந்தார். சமையல் இல்லை. மேலே கொண்டுபோய்க் கொடுத்த சோறு அப்படியே திரும்பி வந்தது. கீழே சினியோரா ஒவ்வொரு தடவையும் கதவை அடித்துச் சாத்துவா. அது மேலே குண்டு வெடித்த மாதிரிக் கேட்கும். படியில் இரண்டு பேரும் சந்தித்தால் என்ன ஆகும் என்று நான் காது கொடுத்தபடியே சமைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு ஊர் முழுக்கக் கதவடைத்துப் படுக்கும் நேரம். தெருவில் நாய்கூட இல்லை. திடீரென்று மேலே ஒரு கத்தல். பிறகு சினியோராவின் குரல். நான் செருப்பும் போடாமல் ஓடினேன். மொட்டைமாடி ஓடு உள்ளங்காலைச் சுட்டது.

சினியோராவின் கையில் இறைச்சி வெட்டும் கத்தி. அவ மஞ்சளிக்கு முன்னால். அவவுக்கும் மஞ்சளிக்கும் நடுவில், கையை விரித்தபடி, சாரம் கட்டிய போஞ்சியர்.

"பிடிச்சிட்டன் தங்கச்சி! உவ தாங்கிப் பக்கம் வந்தவ!"

"நான் தண்ணி எவ்வளவு கிடக்கெண்டு பார்க்க வந்தனான்!" என்று சினியோரா அலறினா. "தாங்கியிலை அடித்தண்ணிதான் மிச்சம்! நீனோவைக் கழுவி மூண்டு நாள்! விலகடா, இதை வெட்டிப்போட்டுத்தான் இறங்குவன்!"

"அளவுக்கு மீறிய நீர்ப்பாய்ச்சல்!" என்று போஞ்சியர் இத்தாலியனில் திருப்பிக் கத்தினார். "வேர் அழுகும்! தவிர்க்கவும்!"

"என்ன சொல்லுறான் இவன்?"

"சினியோரா, கத்தியைக் கீழை வையுங்கோ" என்றேன். என் சொல் யாருக்கும் கேட்கவில்லை. அவ ஒரு அடி முன்னே வந்தா. அவர் நகரவில்லை. கத்தியின் நுனி அவர் வயிற்றுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவ வெட்டமாட்டா என்று எனக்குத் தெரியும். ஆனால் தூக்கமில்லாத மனுசி. இவர் வேறு சாப்பிடாமல் தலைசுற்றி நிற்கிற ஆள். யாராவது ஒருவர் கொஞ்சம் சறுக்கினால் போதும். நான் போய்ச் சினியோராவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். கத்தி விழுந்தது. அவ என்னை உதறிவிட்டு வெறுங்கையோடு மஞ்சளியின் தண்டைப் பிடித்து இழுத்தா.

வாளி வரவில்லை.

இன்னொரு முறை இழுத்தா. போஞ்சியர் வாளியைக் கட்டிப்பிடித்து மற்றப்பக்கம் இழுத்தார். மண்வாளி ஆணி அடித்த மாதிரி நின்றது. பிறகு 'சடக்' என்று ஒரு சத்தம். வாளி கிளம்பியது; அதோடு ஒரு ஓட்டுத் துண்டும் கிளம்பியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் விழுந்து குந்திவிட்டார்கள்.

வாளியின் அடி ஓட்டைகளால் வேர்கள் தாடி மாதிரித் தொங்கின. அவை நுழைந்திருந்த வெடிப்பில் இருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து வந்தது. சத்தமே இல்லை. வந்து, சினியோராவின் துணிச் செருப்பை நனைத்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

தாங்கியில் இருந்து வீடுகளுக்குப் போகும் பைப் அந்த ஓடுகளுக்கு அடியால்தான் போகிறது. எப்போதோ உடைந்திருக்கிறது. தாங்கித் தண்ணீரை, அடியில் சினியோராவுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த வீட்டின் சுவர் குடித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் வட இத்தாலிக்குப் போய்ப் பல காலம். ஈரத்தைக் காண யாரும் இல்லை. சுவர் குடித்ததில் கொஞ்சம் மஞ்சளியும் குடித்திருக்கிறாள்.

சினியோரா நனைந்த செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதா. போஞ்சியர் எழும்பி நின்றார். யாரும் தனக்குத் தண்ணீர் ஊற்றிச் சதி செய்யவில்லை என்பது விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவருடைய முகத்தில் முதலில் வந்தது ஏமாற்றம்தான்.

நான் நிர்வாகிக்குப் போன் எடுத்தேன். அவர் பைப் திருத்துகிறவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் குந்தியிருந்து தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "தாங்கியில் இருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஓடுகளைக் கிளப்ப வேண்டும். இந்தப் பந்தலும் வாளிகளும் இப்போதே போக வேண்டும். இன்றைக்கு இல்லையென்றால் ஆகஸ்ட் விடுமுறை முடிந்துதான் வருவேன்."

வாளிகளைத் தூக்கி நகர்த்தலாம் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் ஐந்து கொடியும் ஒன்றோடு ஒன்று பின்னி, ஒரே பந்தலாகிக் கிடந்தன. பிரிக்க முடியாது. விதை முற்ற இன்னும் சில வாரம் வேண்டும். இப்போது வெட்டினால் அந்த வருடத்து ஒப்பீடு போனது. அடுத்த வருடத்துக்கு விதையும் இல்லை.

பைப்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். நிர்வாகி முகத்தைத் துடைத்தார். சினியோரா படிப்பக்கம் திரும்பினா. கீழே இருந்து நீனோவின் முனகல் திறந்த படிக்கட்டு வழியாக மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.

போஞ்சியர் குனிந்து விழுந்து கிடந்த கத்தியை எடுத்தார். அவர் நேரே போய்த் தட்டையனை அடியோடு அறுத்தார். பிறகு வேஷக்காரி. பிறகு வளையன். வளையனில் மட்டும் கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் மற்ற இரண்டையும் அறுத்தார். பந்தல் ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் ஐந்து பைகளை எடுத்துக்கொண்டு வந்து காய்களை வகைவகையாகப் பிரிக்கத் தொடங்கினேன்.

"வேண்டாம் தங்கச்சி" என்றார். "எல்லாத்தையும் சேர்த்தே ஆயும்."

அவருடைய வாயில் இருந்து அப்படி ஒரு வசனம் வரும் என்று யார் சத்தியம் செய்திருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். குனிந்து காய் ஆய்ந்தேன். அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

பின்னேரம் பைப் திருத்தி முடிந்தது. அடுத்த நாள் முறைத்தண்ணீர் வந்தது. தாங்கி நிரம்பி, நிரம்பியபடியே நின்றது. சினியோரா படியேறி வந்து போஞ்சியரின் கதவைத் தட்டினா. நானும் பின்னால் போனேன், கத்தி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க. கையில் இருந்தது ஒரு புதுத் துவாயும் சவர்க்காரமும்.

"நீனோவைத் தூக்கிக் குளிப்பாட்ட எனக்கு ஒரு ஆம்பிளை வேணும். ஆனால் முதல்ல நீ குளி. இல்லாட்டில் அந்த மனுசன் செத்துப்போவார்."

இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. போஞ்சியர் போய்க் குளித்தார். ஒரு மணித்தியாலம் குளித்தார். பிறகு கீழே இறங்கி நீனோவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய்த் தொட்டியில் இருத்தினார். வாயும் கோணிப்போன அந்த மனிதர், தண்ணீர் முதுகில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சத்தம் விட்டார். சினியோரா புண்ணைக் கழுவ, போஞ்சியர் அவருடைய தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்தபடி, "நடுத்தர ஈரம்... முழு வெயில் வேண்டாம்..." என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். நீனோவின் ஒரு பக்க உதடு சிரித்தது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் அவர்தான் குளிப்பாட்டினார்.

அந்த ஐந்து வகைக் காயையும் சினியோரா உருளைக்கிழங்கும் தக்காளியும் போட்டு ஒரே சட்டியில் சமைத்தா. கட்டடத்துக்கே ஒவ்வொரு கோப்பை. என் கணவரும் சாப்பிட்டார். எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார், பாடம் படித்தவர். போஞ்சியர் மட்டும் ஒரு கரண்டி வாயில் வைத்து, கண்ணை மூடி மென்றார்.

"எப்படி அண்ணை?"

"ஒண்டையும் பிரிச்சு அறியேலாமல் கிடக்கு" என்றார். பிறகு இன்னொரு கோப்பை கேட்டார்.

நிர்வாகி சனிக்கிழமை வந்து வெறும் மொட்டைமாடியைப் பார்த்து, சொன்னபடி எல்லாம் அகற்றப்பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்கவில்லை. அறைகள் தப்பின. அடுத்த வசந்தத்தில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு அறை மூன்று பேருக்குக் காணாமல், பின்னர் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகை மதிலுக்குப் பின்னால், கொஞ்சம் நிலத்தோடு ஒரு சிறிய வீடு கிடைத்துப் போய்விட்டார்கள். நீனோ அதற்குள் காலமாகிவிட்டார். அவரைக் கல்லறைக்குக் கொண்டுபோன நாளில் முன்பக்கத்தில் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் போஞ்சியர், சினியோராதான் கேட்டா.

இப்போது ஞாயிறு பூசை முடிந்து ரயிலேறி அவர்களிடம் போவேன். சில நாட்களில் சினியோராவும் வருவா. போஞ்சியரின் மகள் இத்தாலியன் படித்துவிட்டாள். அப்பா கதைப்பதைக் கேட்டு வெட்கத்தில் முகத்தை மூடிக்கொள்கிறாள். மனைவி தேத்தண்ணி ஊற்றிவிட்டு என் பக்கத்தில் இருந்து, "அக்கா, இந்த மனுசனோடை எப்பிடி அந்தக் கட்டடத்திலை இவ்வளவு வருசம் காலம் தள்ளினீங்கள்?" என்று கேட்கிறா. நான் சிரித்துக்கொண்டு தேத்தண்ணியை எடுக்கிறேன்.

போன கிழமை எனக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. வீட்டில் நல்ல சாப்பாடு இருந்தது, மகள் பக்கத்திலேயே இருந்தாள், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த மனுசனைப் பார்க்காமல் போன ஞாயிறு எனக்கு ஞாயிறாகவே படவில்லை.